வேலிக்கு உள்ள போன சுமைதாங்கி

எங்க அம்மா 22 வருசம் சுமை இறக்கி வச்ச கல்லு இப்ப ஒரு சோலார் வேலிக்கு உள்ள கெடக்கு. போன தை மாசம் அதுக்கு பத்தடி தள்ளி நின்னு போனை ஜூம் பண்ணி போட்டோ எடுத்துட்டு வந்தேன். இதைப் பத்தி எழுதணும்னு நாலஞ்சு தடவை உக்காந்தாச்சு, எழுதறப்ப கோவம் கோவமா வருது, மறுநாள் எடுத்துப் படிச்சா எனக்கே கூச்சமா இருக்கு, அழிச்சிடுறேன். இந்தத் தடவை அழிக்கிறதில்லன்னு முடிவு பண்ணிட்டுத்தான் உக்காந்திருக்கேன்.

எந்த மெட்டுன்னு, அதாவது மலையைத் தாண்டுற எந்தக் கணவாய்னு, சொல்ல மாட்டேன். தேனிப் பக்கம் எங்க ஊர்ல இருந்து மேற்க பாத்து நின்னா போடிமெட்டு, சாக்குலூத்துமெட்டு, ராமக்கல்மெட்டு, கம்பம்மெட்டு, கடைசியா குமுளின்னு மலைக்கு வரிசையா வாசல் இருக்கு, அதுல வண்டி போறதும் இருக்கு, காலு மட்டும் போறதும் இருக்கு, இதுக்கெல்லாம் நடுவுல வெளிய பேரே தெரியாத பாதைங்க வேற இருக்கு. அதுல ஒண்ணுன்னு வச்சுக்குங்க. பேரைச் சொன்னா அடுத்த ஞாயித்துக்கிழமை அங்க பத்து பைக் நிக்கும், ஒருத்தன் அந்தக் கல்லு மேல ஏறி நின்னு ரீல்ஸ் எடுப்பான். அந்த ஆளுக்கும் எனக்கும் பெருசா வித்தியாசம் இல்லங்கறதுதான் இந்தக் கட்டுரையோட பிரச்சினையே, அதுக்கு வர்றேன்.

கல்லைப் பத்தி ரெண்டு வார்த்தை. நெஞ்சு உயரத்துக்கு ரெண்டு கல்லு நட்டு, மேல ஒரு கல்லைப் படுக்கப் போட்டது. பிள்ளைத்தாச்சியா செத்துப்போன யாரோ ஒரு பொண்ணுக்காக வச்சதுன்னு அம்மா சொல்லும், பேரு தெரியாது, எழுத்தும் கெடையாது. திங்கக்கிழமை வெள்ளன நாலு மணிக்கு அரிசி, பருப்பு, துணிமணி எல்லாம் ஒரே மூட்டையாக் கட்டித் தலையில வச்சுக்கிட்டு அம்மா செட்டு கெளம்பும், ஏறி முடிச்சு மேல தட்டுக்கு வந்ததும் அந்தக் கல்லுல சுமையை வச்சுட்டு மூச்சு வாங்குவாங்க. அஞ்சு நாள் லயத்துல, அதான் தோட்டத் தொழிலாளிங்க தங்குற வரிசை வீட்டுல, தங்கி ஏலக்காய்த் தோட்டத்துல வேலை. சனிக்கிழமை சம்பளத்தோட எறங்கறப்ப சுமை மாறிடும், விறகோ புல்லுக்கட்டோ இருக்கும், அதுக்கும் அதே கல்லுதான். நானும் ஸ்கூல் லீவுல நாலு தடவை கூடப் போயிருக்கேன். அட்டை கடிக்கும்னு காலுல புகையிலைத் தண்ணி தடவி விட்ட ஞாபகம் இருக்கு, அந்தக் கல்லு ஜில்லுன்னு இருந்த ஞாபகம் இருக்கு, அம்மா பேசுன எதுவும் ஞாபகம் இல்ல.

நான் இப்ப கோயம்புத்தூர்ல ஏசி ரூம்ல வேலை பாக்குறவன். மாசம் ஒரு மலைன்னு ஒரு வாட்ஸப் குரூப்ல இருக்கேன். 2018 மார்ச் 11 குரங்கணி தீக்கு அப்புறம் மலை ஏறுறவன்னாலே ஊருக்குள்ள ஒரு மாதிரிப் பாப்பாங்க, அதுல மலை ஏறப் போனவங்க 20 பேருக்கு மேல செத்தாங்க, பாக்கத்தான் செய்வாங்க. அப்புறம் விதியெல்லாம் வந்து, 2024 அக்டோபர்ல அரசாங்கமே 40 பாதையைத் திறந்து ஆன்லைன்ல பணம் கட்டி கைடோட போகலாம்னு ஆக்கிட்டாங்க, நல்ல விசயம், நானும் போயிட்டு வந்தேன். ஆனா அது காட்டுப்பாதைக்கு. எங்க பக்கத்து மலையோட லட்சணம் என்னன்னா, சரிவு பூரா தமிழ்நாட்டு காடு, உச்சியில கால் வச்சதும் கேரளா, அதுவும் யாரோ ஒருத்தரோட பட்டா நிலம். காட்டுக்கு அனுமதி கேக்க ஆபீஸ் இருக்கு. உச்சியில மூணு ஏக்கர் ஏலம் வச்சிருக்கறவர்கிட்ட எந்த வெப்சைட்ல போய் பதிவு பண்றது?

அந்த ஞாயித்துக்கிழமை

அம்மா தவறி ரெண்டு வருசம் ஆச்சு. அந்தக் கல்லை ஒரு தடவை பாத்துட்டு வரணும்னு திடீர்னு தோணி, கூட்டாளிங்க ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டு, காட்டு வழியா ஏறாம கம்பம்மெட்டு ரோடு வழியா ஜீப்புல மேல போயி, அங்க இருந்து தோட்டங்களுக்கு நடுவுல இருக்குற தடத்துல முகட்டைப் பாத்து நடந்தோம். முக்கால் மணி நேரம். கடைசி வளைவுல திரும்பினா பாதைக்குக் குறுக்க இரும்புத்தூண், நாலு வரிசைக் கம்பி, மஞ்ச போர்டு. கம்பிக்கு அந்தப் பக்கம் கல்லு. அதுக்கும் பின்னாடி வெறும் ஆகாசம், கீழ கம்பம் பள்ளத்தாக்கு.

கூட வந்தவன் ஒருத்தன் சும்மா இருக்காம "இதெல்லாம் டம்மிடா"ன்னு கம்பியைத் தொட்டான். தொட்ட வேகத்துல பின்னாடி உக்காந்தான். செத்துப்போற ஷாக் இல்ல அது, பேட்டரியில இருந்து ஒரு எனர்ஜைசர் வழியா செகண்டுக்கு ஒரு தடவை துடிப்பு மாதிரி வந்து போறது, வோல்டேஜ் ஆயிரக்கணக்குல இருந்தாலும் கண்ணிமைக்கிறதுக்குள்ள நின்னுடும். வீட்டு லைன்ல இருந்து நேரா கொக்கி போட்டு விடுறானுங்களே, அதுதான் யானையையும் கொல்லுது மனுசனையும் கொல்லுது. இவரு ஒழுங்கா முறையாத்தான் போட்டிருந்தாரு. ஆனா கூட்டாளி போட்ட சத்தத்துல ஏலக்காய் காய வைக்கிற ஸ்டோர் பக்கத்துல இருந்து நிலத்துக்காரரே வந்துட்டாரு. அம்பது வயசு இருக்கும், கைலி, ரப்பர் பூட்ஸ், கையில வாக்கத்தி.

"எவிட போறீங்க?"ன்னாரு. பாதி மலையாளம் பாதி தமிழ், எல்லையில எல்லாரும் பேசுற பேச்சு. நான் கல்லைக் காட்டினேன். வழி இல்லன்னாரு. "இது பழைய பாதை சேட்டா, எங்க அம்மா நடந்த பாதை"ன்னேன். "அம்மா நடந்தது செரி. நீங்க யாரு?"

இதுக்கு என்ன பதில் சொல்றது. எனக்கு சுர்ருன்னு ஏறிடுச்சு. உங்க தாத்தா கோட்டயம் பக்கம் பாலாவுல இருந்து இங்க குடியேற வர்றதுக்கு முன்னாடியே எங்க பாட்டி இந்த வழியில ஏறி எறங்கிக்கிட்டு இருந்துச்சு, 1956ல மாநில எல்லைக்குக் கோடு போட்டப்ப எங்களை யாரும் கேக்கல, அப்படி இப்படின்னு கத்திட்டேன், அப்ப கேரளாவுக்குப் போன தேவிகுளம் பீர்மேடு வரைக்கும் இழுத்துட்டேன்னா பாத்துக்குங்க. கடைசியில சட்டம் வேற பேசினேன். அவரு எல்லாத்தையும் கேட்டுட்டு, கத்தியைத் தூண்ல சாய்ச்சு வச்சுட்டு, "தம்பி, ஈ வேலி உனக்கு இல்ல, பன்னிக்கு. உனக்குன்னா நான் இவ்வளவு பைசா செலவாக்குமா?"ன்னாரு. கூட வந்தவனுங்க சிரிச்சுட்டானுங்க. எனக்கு அவமானமாப் போச்சு, எறங்கி வந்துட்டேன்.

வர்ற வழியெல்லாம் அவரு மேல தப்பு கண்டுபிடிச்சுக்கிட்டே வந்தேன். ஆனா கெளம்பறதுக்கு முன்னாடி அவரு காட்டுன ஒண்ணு மட்டும் கண்ணுல நின்னுக்கிட்டே இருந்துச்சு. ஏலத்தைப் பத்தித் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், காய் தட்டையோட உச்சியில காய்க்காது, அடித்தூர்ல இருந்து சரம் ஓடி அதுல காய்க்கும், பாதி சரம் தரையோட தரையாக் கெடக்கும். பூவும் பிஞ்சும் பழுத்ததும் ஒரே சரத்துல இருக்கறதால ஒரு மாசம், ஒன்றரை மாசத்துக்கு ஒரு ரவுண்டுன்னு திரும்பத் திரும்ப அதே சரத்துல எடுக்கணும். பச்சைக்காய் அஞ்சு கிலோ காய வச்சாத்தான் ஒரு கிலோ தேறும். வியூ பாயின்ட் தேடி வந்த ஒரு செட்டு பாதையை விட்டு தூருக்கு நடுவுல நடந்து நசுக்கிட்டுப் போன சரத்தை எடுத்து வச்சிருந்தாரு, காஞ்சு போன கயிறு மாதிரி. 2019 ஆகஸ்ட்ல ஏலக்காய் ஏல விற்பனையில கிலோ 7000 ரூபா வரைக்கும் போச்சே, அந்த வருசம் ராத்திரியில சரத்தோட அறுத்துட்டுப் போயிருக்கானுங்க. அதுக்கப்புறம் விலை சரிஞ்சு வேலிக்கு வாங்குன கடன் மட்டும் நின்னுச்சுன்னாரு. எஸ்டேட் முதலாளின்னு மனசுக்குள்ள திட்டிக்கிட்டு இருந்தேன், மூணு ஏக்கரு, ரெண்டு மாடு, ஒரு கடன் உள்ள ஆளு.

பாத்தியம்

ஆனாலும் விடல. உத்தமபாளையத்துல என்கூடப் படிச்சவன் வக்கீலா இருக்கான், அவன்கிட்டப் போனேன். கிரையப் பத்திரத்துல எல்லாம் "நடைபாத்தியம், வண்டிப்பாத்தியம்"னு எழுதுறோமே அதுக்கு அடிப்படை 1882ல போட்ட ஈஸ்மென்ட் சட்டம். 15வது பிரிவுல இருக்கு, ஒரு வழியை 20 வருசம் ஒளிவுமறைவு இல்லாம, தடை இல்லாம, உரிமையா பயன்படுத்தினா அது பாத்தியமாயிடும். எனக்கு இது அரைகுறையாத் தெரியும், அதைத்தான் அங்க போய் முழங்கிட்டு வந்திருந்தேன். 22 வருசம் நடந்திருக்கு, கணக்கு சரியா வருதுல்ல?

அவன் டீயைக் குடிச்சுட்டு ரெண்டு கேள்வி கேட்டான். வேலி போட்டு எத்தனை வருசம் ஆச்சு? 2021ல போட்டது. அப்ப போச்சு, தடுத்து ரெண்டு வருசத்துக்குள்ள கேஸ் போட்டிருக்கணும். ரெண்டாவது கேள்வி: "உங்க அம்மாவுக்கு அந்தப் பக்கம் நிலம் இருந்துச்சா?"

நிலமா, எங்க அம்மாவுக்கா.

அதாவது இந்தப் பாத்தியம்ங்கறது ஒரு நிலத்துக்காக இன்னொரு நிலத்து மேல கெடைக்கிறது. என் வயலுக்குப் போக உன் வரப்புல வழி. வயல் இருந்தாத்தான் வழி. தலையில மூட்டையோட அடுத்தவன் தோட்டத்துல கூலிக்குப் போற பொம்பளைக்கு 20 வருசம் இல்ல 40 வருசம் நடந்தாலும் அந்தப் பிரிவுல எடம் கெடையாது. ஊர் வழக்கம்னு 18வது பிரிவு இருக்கு, பொதுவழின்னு வாதாடலாம், ஆனா அதுக்கு வழக்கம்னு நிரூபிக்கணும், சாட்சி வேணும், அதுவும் அடுத்த ஸ்டேட் கோர்ட்ல. நடந்தே காலத்தைக் கழிச்சவங்க காலுக்கு சட்டத்துல கணக்கே இல்லங்கறதை நினைச்சு அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. இன்னைக்கும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வர்றது இந்த ஒரு எடத்துலதான்.

வெளிநாட்டுல படிச்சுட்டு வந்த குரூப் ஆளு ஒருத்தரு, அங்கெல்லாம் இப்படி இல்ல ப்ரோன்னு பெருசா மெசேஜ் போட்டாரு. ஸ்காட்லாந்துல 2003ல ஒரு சட்டம், பொறுப்பா நடந்துக்கிட்டா யாரு நிலத்து வழியாவும் நடக்கலாம், வேலி இருந்தா ஏறி எறங்க மரப்படி வச்சிருப்பாங்க, ஆடு வெளிய போகாது, ஆளு உள்ள போகலாம். இங்கிலாந்துல 2000ல கொண்டுவந்தது இன்னும் குறுகலானது, மலை, தரிசு, புல்வெளின்னு மேப்புல குறிச்ச எடம் மட்டும். கேக்க ஆசையாத்தான் இருந்துச்சு. முழுசாப் படிச்சா, பயிர் நிக்கிற நிலத்துக்கு ஸ்காட்லாந்து சட்டமும் பொருந்தாது. ஏலம் வருசம் பூரா நிக்கிற பயிரு. அந்த சேட்டன் ஸ்காட்லாந்துல இருந்திருந்தாலும் என்னைய தூருக்கு நடுவுல விட்டிருக்க மாட்டாரு.

சித்தி

மாசியில ஊருக்குப் போனப்ப சித்திகிட்ட சொன்னேன். அம்மாவோட தங்கச்சி, இன்னும் மலைக்கு வேலைக்குப் போகுது. சொல்லி முடிச்சதும் "அட, அந்தச் சேட்டன் தோட்டத்துக்குத்தானப்பா நாங்க போறோம்"னுச்சு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. மறுநாள் காலையில அஞ்சரைக்கு அதுகூட நானும் ஜீப்புல தொத்திக்கிட்டேன், எட்டு பேரு போற வண்டியில பதினாறு பேரு, என் மடியில ஒரு தூக்குவாளி. தோட்டத்துல எல்லாரும் எறங்கி, நான் போன தடத்துல போகாம ஸ்டோருக்குப் பின்னாடி சுத்திப் போனாங்க. அங்க வேலியில ஒரு கேட்டு. தெறந்து கெடந்துச்சு. வேலைக்கு வர்றவங்களுக்கு வழி இருந்திருக்கு. வேடிக்கை பாக்க வர்றவனுக்குத்தான் இல்ல. சேட்டன் என்னையப் பாத்தாரு, சித்தியைப் பாத்தாரு, ஒண்ணும் சொல்லாம தலையை ஆட்டிட்டுப் போயிட்டாரு.

மத்தியானம் சித்தி என்னையக் கூட்டிக்கிட்டுப் போயி அந்தக் கல்லு ஓரமா உக்காந்து தூக்குவாளியைத் தெறந்துச்சு. தொட்டுப் பாத்தேன், ஜில்லுன்னுதான் இருந்துச்சு. கண்ணு கலங்கிருச்சுன்னு நினைக்கிறேன், ஏன்னா சித்தி சோத்தைப் பெசஞ்சுக்கிட்டே ஒரு மாதிரியாப் பாத்துச்சு.

"அந்தப் பாதை என்னமோ சொர்க்கம்னு நினைச்சுக்கிட்டு இருக்கியாக்கும். உங்கம்மாவுக்கு முட்டி ரெண்டும் போனது இதுலதான். மழையில வழுக்கி விழுந்து எனக்கு ஒரு பிள்ளை கலைஞ்சது இதுலதான். ஜீப்பு ஓட ஆரம்பிச்ச அன்னைக்கு ஒருத்தியும் பாதை போச்சேன்னு அழுகல. வேலி போட்டா போட்டுட்டுப் போறான், பன்னி வராம இருந்தா எங்களுக்கும் வேலை இருக்கும்."

எனக்கு சோறு எறங்கல. அந்த சமாச்சாரம் எனக்குத் தெரியாது, வீட்டுல யாரும் சொன்னதில்ல. இவ்வளவு நாளா அம்மா பேரைச் சொல்லி ஒரு உரிமையைக் கேட்டுக்கிட்டு அலைஞ்சிருக்கேன், அந்த உரிமையை வச்சிருந்தவங்க ஒரு ஜீப்பு கெடைச்சதும் அதைத் தூக்கிப் போட்டுட்டுப் போனதை ஒரு நிமிசம் யோசிக்கல. எனக்குப் பாதைன்னா ஞாயித்துக்கிழமை, அவங்களுக்கு அது திங்கக்கிழமை. ஒரே தடம்தான். வாட்டர் பாட்டிலும் ஷூவும் மாட்டிக்கிட்டு வந்து "எங்க அம்மா நடந்த பாதை"ன்னு நான் சொன்னப்ப, "நீங்க யாரு?"ன்னு அந்த ஆளு கேட்டது தப்பே இல்ல.

இதோட முடிஞ்சிருந்தா இந்தக் கட்டுரையே வேண்டாம், வாயை மூடிக்கிட்டு இருந்திருப்பேன். சித்தி கை கழுவிட்டு வந்து, யோசிச்சு, இன்னொண்ணு சொல்லுச்சு. "ஆனா கொரோனா அப்ப எறங்கினோம்ல."

2020 மார்ச் கடைசி. ஒரே நாள்ல வண்டியெல்லாம் நின்னு போச்சு, செக்போஸ்ட் அடைச்சாச்சு. மேல சித்தி செட்டுல ஒன்பது பேரு மாட்டிக்கிட்டாங்க. பத்து வருசமா சரியா ஆள் போகாத அந்தப் பாதையில புதரை ஒதுக்கிக்கிட்டு, ரெண்டு எடத்துல தடமே தெரியாம நின்னு, ஒரு கிழவி ஞாபகத்துல வச்சிருந்த அடையாளத்தைப் பிடிச்சுப் பிடிச்சு எறங்கியிருக்காங்க. அதே வாரத்துலதான் போடி பக்கம் ராசிங்கபுரத்துக்கு மேல, இப்படியே கேரளா தோட்டத்துல இருந்து காட்டு வழியா எறங்கி வந்தவங்க தீயில மாட்டிச் செத்தாங்க, சின்னக் கொழந்தையும் அதுல உண்டு. சித்தி செட்டுல அந்தக் கிழவி இல்லாட்டி என்ன ஆயிருக்கும்னு சித்தி சொல்லல. "அந்தக் கிழவியும் போய்ச் சேந்திருச்சு. இனிமே எங்களுக்கும் வழி தெரியாது"ன்னு மட்டும் சொல்லுச்சு.

அப்ப வேலி இல்ல. இப்ப இருக்கு. கேட்டு சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல பூட்டு.

கடவு

அன்னைக்கு எறங்கி வர்றப்ப யோசிச்சது இதுதான். பாதையை விட்டுட்டுப் போனவங்களுக்கு அது தினசரிக்குத் தேவையில்ல, மத்த எல்லாம் அடைச்ச ஒரு நாளைக்குத் தேவை. ஆனா பாதைங்கறது பீரோவுல பூட்டி வச்சுட்டு வேணும்கறப்ப எடுத்துக்கற சாமான் இல்ல. ரெண்டு மழைக்காலம் காலு படலன்னா உண்ணிச்செடி மூடிடும். யாராவது நடந்துக்கிட்டே இருக்கணும், அந்த யாரோ இன்னைக்கு என்னைய மாதிரி வேலைவெட்டி இல்லாம மலை ஏறுறவன்தான், வேற ஆளு கெடையாது. உரிமை எனக்கு இல்ல, ஒத்துக்கறேன். காவலுக்கு நிக்கிறவன் மாதிரி வேணா நடக்கலாம். இதை சொல்றப்பவே என் சௌகரியத்துக்குத் தகுந்த மாதிரி ஒரு நியாயத்தைக் கண்டுபிடிச்சுட்டேனோன்னு சந்தேகமாவும் இருக்கு, சனிக்கிழமை ராத்திரி ஷூவை எடுத்து வைக்கிறப்ப எனக்கு வர்ற சந்தோசம் காவல்காரனோட சந்தோசம் இல்ல.

பாஸ்போர்ட்டுக்குத் தமிழ்ல கடவுச்சீட்டுன்னு சொல்றோம். கொங்குப் பக்கம் என் ரூம்மேட் ஊர்ல தோட்டத்து வேலியில ஆளு நுழையற வழிக்கே கடவுன்னுதான் பேரு, ஆகாசத்துல பறக்கறதுக்கு நாம வச்ச பேருலயும் வேலியில நுழையற வழியிலயும் அதே வார்த்தைதான். அந்தப் பக்கம் மலையாளத்துல வேலியைத் தாண்டுற படிக்குக் கடம்பன்னு பேரு, இப்ப அவங்க அதை பெரும்பாலும் தடங்கல்ங்கற அர்த்தத்துல பேசுறாங்க, ஒரு கடம்ப தாண்டினேன்னு. தாண்ட உதவுற படியும் தடங்கலும் ஒரே வார்த்தை. இதை சேட்டன்கிட்ட மூணாவது தடவை போனப்ப சொன்னேன், சித்தியும் பக்கத்துல இருந்துச்சு. வேலியை எடுக்க வேண்டாம், பாதையில கம்பிக்கு ரெண்டு பக்கமும் ஏறி எறங்க ஒரு படி மட்டும் வையுங்க, மேல் கம்பிக்கு ரப்பர் ஹோஸ் மாட்டிக்கலாம், பன்னி படி ஏறாது, செலவு என்னோடதுன்னேன். தூருக்கு நடுவுல ஒருத்தனும் போகாம பாதை போற அந்த அம்பதடிக்கு ரெண்டு பக்கமும் கல்லு அடுக்கறதும் எங்க வேலை.

"பன்னி ஏறில்ல, பைக் பையன்மாரு ஏறும்"னாரு. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. ஊர் பேரை எழுத மாட்டேன்னு மட்டும் சொன்னேன். ஆலோசிக்கலாம்னு சொல்லிட்டுப் போயிட்டாரு, நாலு மாசமா ஆலோசிக்கிறாரு. நடுவுல ஒரு தடவை குரூப்ல இருந்து ஆறு பேரைக் கூட்டிக்கிட்டுப் போனேன், அவரு அண்ணன் பையன் கேட்டுலயே நிறுத்தித் திருப்பி அனுப்பிட்டான். ஒண்ணும் பேசாம திரும்பினோம். ஆறு பேருல ரெண்டு பேரு குரூப்பை விட்டுப் போயிட்டாங்க.

போன வாரம் சித்தி போன் பண்ணுச்சு. தோட்டத்துல களை எடுத்துக்கிட்டு இருக்கறப்ப சேட்டன் வந்து படி எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம் வைக்கணும்னு கேட்டாராம், ஸ்டோர்ல பழைய பலகை கெடக்காம். "என்னன்னு சொல்லட்டும்? தலைச்சுமையோட ஏறுற அளவுக்கா, இல்ல உன்னைய மாதிரி பேக்கு மாட்டிக்கிட்டு வர்றவனுக்கா?" தலைச்சுமையோட ஏறுற படிக்கு என்ன உயரம்னு எனக்குத் தெரியல. நீயே சொல்லு சித்தின்னேன். அது தெரு முழுக்கக் கேக்கற மாதிரி சிரிச்சுட்டு, முட்டிக்குக் கீழ ஒரு சாண்னு சொல்லிடறேன்னு போனை வச்சிருச்சு.